தறி ஓடும்போது இறங்கும் புறாக்கள்

புறா பிடிக்கும் பழைய வழிகள் இந்தக் காலத்தில் பலிக்குமா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். துப்பாக்கி பலிக்காது. கிணற்றை வலைபோட்டு மூடுவது பலிக்காது, ஏனென்றால் கிணறே இல்லை. இறக்கை கட்டிய புறாவை விட்டு மற்றப் புறாக்களைக் கீழே இறக்குவது பலிக்கும். ஆனால் அதைச் செய்கிறவருக்குப் பிடிவாதம் வேண்டும். எனக்கு அது இருக்கிறது. இல்லை என்று சொல்லி நல்ல பெயர் வாங்க நான் முயன்றதில்லை.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். டெக்ஸ்டைல் படித்தவள். வெளுத்து, உலர்த்தி, மடித்து வருகிற துணியைப் பார்ப்பது, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது, இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டுகூட லாரியில் ஏறக் கூடாது என்பது விதி. அந்த விதியை அச்சடித்துக் கண்ணாடி போட்டு முதலாளி தன் அறையிலேயே மாட்டியிருக்கிறார். துணி வாங்க வருகிறவர்களின் கண்ணில் படுகிற உயரத்தில் அது தொங்குகிறது.

எங்கள் ஷெட் நீளமானது. ஒரு பாதியில் தறிகள், மறு பாதியில் மடிப்பு மேசைகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. மேலே இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். சுவரும் கூரைத் தகடும் சேர வேண்டிய இடத்தில் சேராமல் நெடுக ஒரு இடைவெளி. அதன் வழியாக வந்து சட்டங்களின் மேல் குடியிருந்தன புறாக்கள்.

முன்பு இவை கிணறுகளில் இருந்தவை. மகாராஜபுரம், வ. புதுப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டக் கிணறுகளின் கல் இடுக்குகளில் மாடப்புறா இருக்கும். போர்வெல் வந்த பிறகு கிணறுகள் தூர்ந்தன. சிலவற்றை மண்ணடித்து மூடினார்கள். நிழலும் இடுக்கும் உயரமும் உள்ள வேறு இடம் தேடி அவை மில்களுக்கு வந்தன. இதில் புறாவின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

புகார் துணியைப் பற்றியது. சித்திரை வெயில் தொடங்கியிருந்த நேரம். மடித்த துணி ஒன்றை விரித்துப் பார்த்தேன். நடு மடிப்பில் ஒரு சின்ன இறகு. அடுத்ததில் காய்ந்த எச்சம். அந்த வாரம் மடித்தவற்றில் அங்கங்கே எடுத்துப் பிரித்தேன். எடுத்த இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று இருந்தது. எல்லாக் கட்டுக்கும் சிவப்பு அட்டை கட்டிச் சுவரோரம் அடுக்கச் சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"ஏம்மா, ஒரு தூவி. ஊதுனா பறந்து போகும்" என்றார்.

"ஊதியாச்சு சார். எச்சம் பறக்கல."

"கொதிக்கிற ஆவியில வைக்கிறப்ப எல்லாம் செத்துருமில்ல?"

"கிருமி சாகும் சார். எச்சம் துணியிலயேதான் இருக்கும். அறுத்த எடத்துல வச்சுக் கட்டுற துணி இது."

"அப்ப கையெழுத்துப் போட மாட்ட."

"மாட்டேன் சார்."

"வேற ஆளு போடுவான்."

"போடட்டும். அவன் பேர எழுதிப் போடட்டும்."

ஒதுக்கி வைத்தது சின்ன அளவு இல்லை. வாங்குகிறவர்களின் ஆட்கள் ஷெட்டைப் பார்க்க வரப்போவதாகவும் தகவல் வந்திருந்தது. அதற்குள் புறாக்கள் போக வேண்டும், சுவரோரத் துணியும் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. முதலாவது எனக்கும் சம்மதம். இரண்டாவது, என் கையெழுத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. அன்றிலிருந்து நடந்த எல்லாவற்றிலும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலாளி துப்பாக்கி என்று முடிவு செய்தார். அவருடைய மச்சினர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று மகாராஜபுரத்தில் தோட்டம் பார்க்கிறவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரி மாமா. அவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். வார விடுமுறை, தறி ஓடாது, ஆட்கள் இருக்க மாட்டார்கள், குண்டு யார் மேலும் படாது. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். பேக்கிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருவரை மேசை துடைக்க வரச் சொல்லியிருந்தார்கள். வாய்க்குப் பயப்படாதவர் அவர்.

மாமா ஏர்கன்னைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இன்னொரு பையில் ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் புறாக்கள். மடிப்பு மேசையில் இருந்த துணி அடுக்கின் மேல் மூடியிருந்த ஷீட்டை இழுத்துப் போட்டுவிட்டு, அந்த அடுக்கின் மேலேயே அவற்றை வரிசையாக நிறுத்தினார்.

"இது எதுக்கு மாமா, கொலு வைக்கவா?" என்றார் அக்கா.

"நீ பாத்துக்கிட்டே இரு. இதப் பாத்து அது எறங்கும். எறங்குனா ஒரே போடு."

"சட்டப்படி சுடலாமான்னு வனத்துறையில கேட்டீங்களா சார்?" என்றேன்.

"கம்பெனிக்குள்ள எந்த வனம் இருக்கு பாப்பா?"

ஷீட்டை எடுத்துத் திரும்ப மூடப் போனேன். "செத்த நேரம் சும்மா இரு" என்று கையால் தடுத்தார். பிறகு இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தபடி சொன்னார்: "எங்க ஊர்ல கெணத்துப் புறாவ எப்பிடிப் பிடிப்போம் தெரியுமா. கெணத்து வாயில வலைய விரிச்சுட்டு, ஓரமா ஒரு கல்லத் தூக்கிப் போட்டா அம்புட்டும் கெளம்பி வலையில வந்து மாட்டும். இதுவும் கெணறுதான். தலகீழாக் கெடக்க கெணறு."

இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து ஒரு காலி டிரம்மை ஓங்கி அடித்தார். எனக்குக் காது அடைத்தது. மேலே ஒரு புறாவும் அசையவில்லை. ஒன்று கொட்டாவி விடுவதுபோல் இறக்கையை நீட்டி மடக்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டுக் குழாயைக் கீழே வைத்தார். ஷெட் அமைதியானது. அவர் துப்பாக்கியைத் தூக்க ஓரடி எடுத்து வைத்ததும் எல்லாக் கழுத்துகளும் ஒன்றாக நீண்டன.

சுட்டார். முதல் குண்டு வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த ஃபைபர் தகட்டைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பிபோல் இறங்கியது. அடுத்தது ஒரு புறாவின் மேல் பட்டது. அது நேராக, மூடாமல் கிடந்த வெள்ளைத் துணி அடுக்கின் மேல் விழுந்து துடித்தது. மற்றவை இடைவெளி வழியாக வெளியேறிப் பக்கத்துக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்தன.

"ஒரு புறா, ஒரு கூரை, ஒரு அடுக்குத் துணி" என்றார் அக்கா. "மாமா மூணு அடிச்சிட்டாரு."

"ஏட்டி, நீ மேசையத் தொடச்சு வை."

அந்த அடுக்குக்கும் சிவப்பு அட்டை கட்டினேன். மாமா அதைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியைத் துண்டில் சுற்றினார். மறுநாள் புறாக்கள் சட்டத்தின் மேல் இருந்தன.

என்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னபோது அவர் உடனே சிரித்துவிட்டார். அதற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மொட்டை மாடியில் புறா வளர்க்கிறேன். அதைப் பற்றித் தெருவில் சொல்லப்பட்டவை: பெண்பிள்ளை மாடியில் நின்றால் தெருவே பார்க்கும், புறா இருக்கிற வீட்டில் எதுவும் தங்காது, நாளைக்குக் கட்டிக்கொடுத்த பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் தீனித் தட்டோடு படி ஏறினேன்.

எங்கள் தெருவில் புறா வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கூட்டத்திலிருந்து பிரிந்த புறாவை யார் தன் மாடியில் இறக்குகிறாரோ அது அவருக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திருப்பிக் கேட்கக் கூடாது. எதிர் வரிசை மாடிக்காரர் என் முதல் ஜோடியை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்துவைத்துக்கொண்டு, அடுத்த விடுமுறைக்குள் அவருடைய புறாக்களில் நல்லதாக இரண்டை என் மாடியில் இறக்கினேன். அவர் திட்டினார். திருப்பிக் கேட்கவில்லை.

செய்யும் முறை கடினமில்லை. நிதானமான ஒரு பெட்டை, தீனியைக் கண்டால் அக்கம்பக்கம் பார்க்காத ஒரு ஆண். இரண்டுக்கும் இறக்கையின் நீள இறகுகளை நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். நடக்கலாம், எழும்ப முடியாது. பக்கத்தில் கம்பு, சோளம். வெயில் காலமாக இருந்தால் அகலமான தட்டில் தண்ணீர், அது தீனியைவிட நன்றாக இழுக்கும். மேலே சுற்றுகிற புறா இவற்றை எல்லாம் பிறகுதான் பார்க்கும். கீழே இருக்கிற புறா பயமில்லாமல் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கும். பிளாஸ்டிக் புறா எப்போதும் பயமில்லாமல்தான் நிற்கிறது. ஆனால் அது ஒரு மணியைக்கூடக் கொத்துவதில்லை.

"புறாவ வச்சுப் புறாவப் பிடிப்பியா?" என்றார் முதலாளி. "இது கம்பெனியாம்மா, சர்க்கஸா?"

"கூரையில ஓட்ட விழாது சார். புறாவும் என்னோடது."

கூரையைச் சொன்னதும் சரி என்றார். வனத்துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். காயப்படுத்தாமல் பிடித்து வெளியே விடுவதற்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் கூடையை எடுத்தேன்.

அம்மா வாசலில் வழிமறித்தாள். "ஏட்டி, படிச்ச படிப்புக்கு புறாக்கூடையத் தூக்கிட்டு பஸ்ல போறியாக்கும்?"

"ஆமாம்மா."

"பாக்கறவிய என்ன சொல்லுவாவ?"

"புறாக்கூடைன்னு சொல்லுவாங்க."

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைக் காலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். "உள்ள என்னம்மா, கோழியா?"

"புறா."

"எங்க கொண்டு போற, கறிக்கா?"

"வேலைக்கு."

அவர் எதற்கும் இருக்கட்டும் என்று கூடைக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். பின் சீட்டில் இருந்தவர், "அப்ப அதுக்கும் உக்கார சீட்டு குடுக்கணும்ல" என்றார். சீட்டு கிடைக்கவில்லை. இராஜபாளையம் வரை கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தோற்றேன். மடிப்பு மேசைகளை எல்லாம் ஓரம் தள்ளி, தரையைச் சுத்தமாக்கி, நடுவில் பெரிய கம்பிக் கூண்டு வைத்தேன். அதன் வாசலில் வரிசையாகக் கம்பிகள் தொங்கும். புறா தலையால் தள்ளி உள்ளே நுழையலாம், உள்ளே இருந்து தள்ளினால் கம்பி சட்டத்தில் முட்டி நின்றுவிடும். கூண்டுக்கு முன்னால் என் புறாக்களை விட்டேன். அவை வீட்டு மாடியில் நடப்பதுபோல் நடந்து தின்றன. தண்ணீர் குடித்தன. மேலே இருந்தவை கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தன. நான் திரைக்குப் பின்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட இறங்கவில்லை. எங்கோ தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்ததற்கு எல்லாம் எழும்பி வெளியே போய்விட்டன.

மிலிட்டரி மாமா வேடிக்கை பார்க்கவே வந்திருந்தார். "பாப்பா, ஒன் புறா நல்லாச் சாப்புடுது. விருந்துக்குக் கூட்டிட்டு வந்தியா?"

"அடுத்த தடவ பாருங்க சார்."

"அடுத்த தடவ நான் துப்பாக்கியோட வாரேன்."

திங்கட்கிழமை சீக்கிரமே போய் ஷெட்டுக்கு வெளியே நின்றேன். புறாக்கள் பக்கத்துத் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சங்கு ஊதியது, ஆட்கள் உள்ளே போனார்கள், தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ஷெட் முழுக்க அந்த அடி விழத் தொடங்கியதும் தொட்டி மேல் இருந்தவை எழும்பி, சாவகாசமாக, இடைவெளி வழியாக உள்ளே போய்ச் சட்டத்தில் அமர்ந்தன. முந்தைய நாள் தெருவில் அடித்த சைக்கிள் மணிக்குப் பறந்தவை, தலைக்குக் கீழே இத்தனை தறி அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் புரிந்தது. இவை முட்டைக்குள் இருக்கும்போதே தறிச் சத்தம் கேட்டவை. சத்தம் இருந்தால் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது என்று இவற்றுக்குப் பொருள். நின்றுபோனால் ஏதோ சரியில்லை. கிணற்றுப் புறாவுக்குக் கல் விழுகிற சத்தம் எப்படியோ, மில் புறாவுக்கு அமைதி அப்படி. புறா பிடிக்க எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் முதலில் செய்வது மில்லை நிறுத்துவது. மாமா அதைத்தான் செய்தார். நானும் அதைத்தான் செய்தேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. சோதித்துப் பார்க்கக் கூண்டோடு என் புறாக்களைத் தறிப் பக்கம் கொண்டுபோனேன். அவை கம்பியில் மோதி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூலையில் ஒடுங்கின. ஆக, ஞாயிற்றுக்கிழமை என்னுடையவை நிம்மதியாக இருந்தன, மில் புறாக்கள் பயந்தன. வேலை நாளில் அவை நிம்மதியாக இருக்கும், என்னுடையவை பயப்படும். பயந்து நிற்கிற புறாவைப் பார்த்து எந்தப் புறாவும் இறங்காது. என் புறாக்களை மில் புறாக்களாக மாற்ற வேண்டும்.

கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தறிகளை நோக்கி நகர்த்தினேன். முதலில் திரைக்கு மடிப்புப் பக்கம், பிறகு கொஞ்சம் கிட்ட, பிறகு இன்னும் கிட்ட. தறி ஓடும்போது மட்டும் தீனி, நிற்கும்போது கிடையாது. தறி ஓட்டுகிறவர்கள் சும்மா விடவில்லை.

"மேடம், இதுக்கு எந்த ஷிப்ட்டு?"

"ஏலே, நைட்டு ஷிப்ட்டுக்குக் கேளு, ஆள் கொறையுது."

அக்கா மட்டும் தினமும் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவும்போது கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எம்புட்டோ பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். பயம் தெளிவதில் கடைசியாக இருந்த ஆண் புறாவும் தறிக்குப் பக்கத்தில் கூவத் தொடங்கிய அன்று முதலாளியிடம் போனேன்.

"சார், தறி ஓடணும். மடிப்பு நிக்கணும்."

"தலகீழாச் சொல்லுத. ஆர்டர் நிக்கிற நேரத்துல மடிப்ப எப்பிடி நிறுத்த?"

"ஒரு நாள் சார். மடிப்புப் பக்கம் ஒரு முழத் துணி வெளிய இருக்கக் கூடாது. தறிப் பக்கம் வழக்கம்போல ஓடணும். யாரும் மேல பாக்கக் கூடாது, வேடிக்கைக்கு யாரும் வரக் கூடாது. உங்க மச்சினரும்."

"நடக்கலன்னா?"

"நடக்கலன்னா துப்பாக்கிய எடுங்க. கூரையில விழுற ஓட்டைய நான் எண்ண மாட்டேன்."

அந்த நாள் வந்தது. தறிகள் ஓடின. காலியான மடிப்புத் தரையில் என் புறாக்கள், தண்ணீர், கொஞ்சம் சோளம், அவற்றுக்குப் பின்னால் கம்பிகள் தொங்கும் வாசலோடு கூண்டு. நான் சுவரோரம், ஒதுக்கி வைத்த சிவப்பு அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. தகரம் கொதித்தது. மேலே இருந்தவை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. என் பெட்டை தட்டில் இறங்கி நின்று இறக்கையை நனைத்துக் குளித்தது.

ஒன்று இறங்கியது. தூரத்தில் நின்று பார்த்தது. நடந்து வந்து குடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எனக்கு எண்ணத் தோன்றவில்லை. தண்ணீரை அவை முடித்ததும் மறைந்து நின்று, கூண்டுக்குள் இருந்த தட்டுக்கு முன்பே இழுத்து வைத்திருந்த குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் பளபளத்தது. தாகம் தீராதவை கம்பியைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே போயின. கம்பிகள் கிணுகிணுத்தபடி விழுந்ததைத் தறிச் சத்தத்தில் அவை கவனிக்கவே இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அக்கா கையைக் காட்டி எவ்வளவு என்று கேட்டார். நான் இரண்டு கையையும் அகல விரித்து, நிறைய என்று காட்டினேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் செய்தோம். முழுதாக ஒரு நாள் நிறுத்த முதலாளி விடவில்லை. உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் மடிப்பு நின்றது, அதற்கு முன் எல்லாத் துணியும் உள்ளே பூட்டப்பட்டது. சட்டத்துக் கூடுகளிலிருந்து ஏணி போட்டு எடுத்த குஞ்சுகளும் அவற்றின் தாய்களும் என் வீட்டு மாடிக்குப் போயின. மற்றவற்றை வ. புதுப்பட்டிப் பக்கம், மூடாமல் மிஞ்சியிருந்த ஒரு பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டோம். அவை திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கடைசிக் கூண்டு வெளியேறிய அன்றே கூரை இடைவெளி முழுவதையும் கம்பி வலையால் அடைக்க வைத்தேன். திரும்பி வந்தவை வெளியே நடந்து, வலையைக் கொத்திப் பார்த்து, சில நாட்கள் தொட்டி மேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டன.

மிலிட்டரி மாமா வந்து அண்ணாந்து பார்த்தார். "அம்புட்டையும் விட்டுட்டியா? ரெண்டு குடுத்தா வறுத்திருப்போம்ல."

"பிளாஸ்டிக்ல உள்ளத வறுங்க மாமா" என்றார் அக்கா.

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் காகிதங்கள் தயாராக இருந்தன. சுவரோரத்துத் துணி மொத்தத்துக்கும்.

"புறா போயிருச்சு. நல்ல வேல செஞ்ச. இப்பப் போடு கையெழுத்த."

"நாளைக்கு மடிக்கிற துணிக்குப் போடுறேன் சார்."

"இதுக்கு?"

"இதுல எச்சம் அப்படியே இருக்கு சார். புறா போனா எச்சம் போகாது."

"பொறவு எதுக்கும்மா புறாவப் பிடிச்ச?"

"இனிமே வர்ற துணிக்கு."

அவர் எழுந்துவிட்டார். ஒரு சின்னப் பெண் தனக்குத் தன் கம்பெனியிலேயே பாடம் நடத்துவதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை என்றார். கடைசியாக, "நாளையிலருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, என் புறாக்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மாவிடம் சொன்னேன். "கையெழுத்துதானட்டி, போட்டுட்டு வர வேண்டியதுதான" என்றாள். சாப்பிட்டோம். பிறகு அவளே, "ஒன்னப் பெத்தப்போ எனக்கு வச்ச துணியெல்லாம் எங்கன மடிச்சதோ" என்றாள்.

மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். காரணங்கள் தெளிவாக இருந்தன. வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தால் எழுத்தில் தர வேண்டும், தரவில்லை. புதிதாக மடிக்கிற துணியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. சிவப்பு அட்டையை நான் இல்லாதபோது யாராவது அவிழ்த்தால் எனக்குத் தெரிய வேண்டும். வாட்ச்மேன் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதலாளி மடிப்புப் பக்கம் வந்தபோது நான் புதுத் துணியை, அடியில் விளக்கு எரியும் சோதனை மேசையில் விரித்து வைத்திருந்தேன். என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"வலையெல்லாம் சரியா அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு சார். ஒரு எடத்துல மட்டும் இன்னொரு ஆணி வேணும்."

ஆணிக்குச் சொல்லிவிட்டுப் போனார். வாங்குகிறவர்களின் ஆட்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மறுநாள் மேலாளர் மூலம் ஒரு கேள்வி வந்தது: அந்தத் துணியை வேறு எதற்காவது கொடுக்க முடியுமா. முடியும் என்றேன். ஒர்க்‌ஷாப்பில் மெஷின் துடைக்கிற துணியாகக் கொடுக்கலாம். ஆனால் கட்டில் ஒட்டியிருக்கும் எங்கள் மருத்துவத் துணிச் சீட்டு ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது, இருந்தால் அதை நம்பி யாராவது ஆஸ்பத்திரிக்கு விற்றுவிடுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் கிழிக்க வேண்டும், கிழித்ததை நான் பார்க்க வேண்டும்.

லாரி வந்தது. முதலாளி நிழலில் நின்றார். அடியிலிருந்து வரிசையாக ஏற்றினார்கள். நான் ஒவ்வொன்றின் நான்கு பக்கமும் பார்த்துச் சரி என்றேன். நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு வரிசை முழுவதையும் ஏற்றிவிட்டார்கள். லாரிக்குள் ஏறிப் பார்த்தேன். உள்ளே, நாலு அடுக்குக்குக் கீழே, ஒரு கட்டின் மூலையில் பச்சை எழுத்தில் எங்கள் சீட்டு முழுதாக இருந்தது.

"இந்தக் கட்ட எறக்குங்க" என்றேன்.

"அதுக்கு மேல உள்ளது அம்புட்டையும் எறக்கணுமே தாயி" என்றார் சுமை தூக்குகிறவர்.

முதலாளி நிழலிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "ஒரு சீட்டுக்கா?"

"ஆமா சார்."

அவர் சுமை தூக்குகிறவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எறக்குங்கலே" என்றார்.